விதிப்புத்தகம் வளர்த்த கார்: லான்சர் எவல்யூஷன்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேசப்போவது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் என்ற ஜப்பானியக் காரைப் பற்றி. கார் பிரியர்கள் செல்லமாக ‘எவோ’ என்று கூப்பிடுவார்கள். 1992-இல் முதல் எவோ வந்தது. கடைசியாக வந்தது பத்தாவது எவோ. நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரும் இடம், பின்னால் டிக்கி என்று வீட்டுக் காருக்கு உரிய எல்லாமே இதில் உண்டு. கூடவே ஒரு பெரிய இறக்கையும், பானெட்டில் காற்றுத் துளைகளும், பருத்த சக்கர வளைவுகளும் இருக்கும். இவையெல்லாம் பகட்டுக்காக ஒட்டவைத்தவை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படியில்லை. இந்தக் காரின் உடம்பில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பின்தொடர்ந்து போனால், அது ஒரு ராலி விதியிலோ ஒரு ராலிப் பாதையிலோ போய் முடியும்.

ராலி என்பது வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் இல்லை. போக்குவரத்தை நிறுத்தி வைத்த காட்டுப் பாதை, மலைப் பாதை, பனி மூடிய பாதை என்று எதிலும் நடக்கும். கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும், எதிரி கடிகாரம்தான். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இணை ஓட்டுநர் உட்கார்ந்து அடுத்த வளைவு எப்படி என்று குறிப்பைப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவார்.

1980-களில் இந்தப் போட்டியில் ‘குரூப் பி’ என்ற பிரிவு இருந்தது. கட்டுப்பாடு குறைவு, சக்தி மிக அதிகம். 1986 மே மாதம் கோர்சிகாத் தீவில் நடந்த ராலியில் ஹென்றி டொய்வொனென், அவருடைய இணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோ இருவரும் காரோடு எரிந்து இறந்தார்கள். அதோடு அந்தப் பிரிவுக்கு மூடுவிழா. 1987-இலிருந்து ‘குரூப் ஏ’ முதன்மைப் பிரிவானது. அதன் விதி எளிமையானது: நீ எந்தக் காரை ராலிக்குக் கொண்டுவருகிறாயோ, அதைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் 5000 கார்கள் என்று ஆரம்பத்தில் இருந்த எண்ணிக்கை பிறகு 2500 ஆகக் குறைந்தது.

இந்த விதி பொறியாளர்களை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவைப் பெரிதாக்க வேண்டுமா? கடையில் விற்கும் காரில் பெரிதாக்கு. சக்கரங்களுக்கு இடையே அகலம் வேண்டுமா? கடையில் விற்கும் காரை அகலமாக்கு. ராலிக்குத் தேவையான எந்த வசதியும் ஷோரூம் வழியாகத்தான் வரவேண்டும். எவோ பிறந்ததும் வளர்ந்ததும் இந்த நெருக்கடியால்தான்.

அதற்கு முன்னால் மிட்சுபிஷியிடம் கேலன்ட் விஆர்-4 இருந்தது. நல்ல கார், உலக ராலிகளை வென்ற கார். ஆனால் குறுகிய, வளைந்த பாதைகளுக்கு அது பெரிய உடம்பு. அதனால் கேலன்டின் இயந்திரத்தையும் நான்கு சக்கர இயக்கத்தையும் எடுத்துச் சின்ன லான்சருக்குள் பொருத்தினார்கள். 4ஜி63 என்ற அந்த இரண்டு லிட்டர் டர்போ இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு. கனம்தான், ஆனால் எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் தாங்கும். அதை நம்பித்தான் ஒன்பது எவோக்கள் ஓடின.

1992 அக்டோபரில் வந்த முதல் எவோவுக்கு 250 குதிரைத்திறன், அலுமினியப் பானெட். இரண்டு வகையில் விற்றார்கள். ஜிஎஸ்ஆர் என்பது சௌகரியங்களோடு வருவது. ஆர்எஸ் என்பது பந்தயக்காரர்களுக்கு. அதில் மின்சார ஜன்னல் கிடையாது, சொகுசு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. எடை 1170 கிலோ. வாங்கியவர் எப்படியும் உள்ளே இருப்பதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாதுகாப்புக் கூண்டு வைக்கப்போகிறார், அவருக்கு ஏன் அதையெல்லாம் விற்கவேண்டும் என்ற கணக்கு. நேர்மையான கணக்கு என்று எனக்குத் தோன்றும்.

1993 மான்டி கார்லோ ராலியில் எவோ களமிறங்கியது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் உடனே திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போவது முதல் எவோவின் குறை. 1994 ஜனவரியில் வந்த இரண்டாவது எவோவில் சஸ்பென்ஷனைச் சீர்திருத்தி, முன் பின் சக்கரங்களுக்கு நடுவிலான தூரத்தைப் பத்து மில்லிமீட்டர் கூட்டினார்கள். வெறும் பத்து மில்லிமீட்டர். 1995-இல் சுவீடன் ராலியில் கென்னத் எரிக்சன் முதலிடம், டாமி மாக்கினென் இரண்டாமிடம்.

அதே ஆண்டு மூன்றாவது எவோ வந்தது. முகம் மாறியது, காற்றை விழுங்கப் பெரிய வாய்கள் திறந்தன, சக்தி 270 ஆனது. 1996-இல் இந்தக் காரோடு ஃபின்லாந்துக்காரரான மாக்கினென் ஒன்பது ராலிகளில் ஐந்தை வென்று உலக சாம்பியன் ஆனார். சுவீடன் பனியில் வென்றார், கென்யாவின் சஃபாரிப் புழுதியிலும் வென்றார். ஒரே கார் இரண்டிலும் வெல்வது எவ்வளவு அபூர்வம் என்று ராலி பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் வந்ததுதான் நான்காவது எவோ, 1996 ஆகஸ்டில். இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே 180 பாகை திருப்பி வைத்தார்கள். இடது வலது எடை சமன்பட்டது. பலமாக முடுக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் தொல்லையும் தீர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும், வென்றுகொண்டிருக்கும் ஒரு காரில் இன்ஜினையே திருப்பி வைக்க எத்தனை துணிச்சல் வேண்டும்!

இதே காரில்தான் ஏஒய்சி, அதாவது ‘ஆக்டிவ் யா கன்ட்ரோல்’ என்ற திருப்பக் கட்டுப்பாடு வந்தது. சாதாரணக் காரில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முறுக்குவிசையை டிஃபரென்ஷியல் பங்கிட்டுத் தரும். ஏஒய்சி அந்தப் பங்கில் கை வைக்கிறது. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, ஒவ்வொரு சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதையெல்லாம் ஒரு கணினி பார்த்து, வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அதிக விசையைத் தள்ளிவிடும். படகில் வலது துடுப்பை அழுத்திப் போட்டால் படகு இடது பக்கம் திரும்புமே, அதே தத்துவம்தான். முதல் எவோவில் பிடிவாதமாக வெளியே போன மூக்கு, இப்போது மிதிக்க மிதிக்க உள்ளே வந்தது. ஆர்எஸ் வகையில் மட்டும் எளிய இயந்திர டிஃபரென்ஷியலையே விட்டுவைத்தார்கள். பந்தயக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பொருத்திக்கொள்வார்கள்.

சக்தி 280 குதிரைத்திறன். ஜப்பானில் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட உச்சவரம்பு அது. சட்டம் இல்லை, ஓர் உடன்பாடு, அவ்வளவுதான். அதனால் நான்காவது எவோவிலிருந்து ஒன்பதாவது வரை ஜப்பானிய விளம்பரத்தில் இந்த எண் மாறவே இல்லை. ஆனால் முறுக்குவிசையைப் பாருங்கள். முதல் எவோவில் 31.5 கிலோகிராம் மீட்டர், நான்காவதில் 36, ஐந்தாவதில் 38, எட்டாவதில் 40. உண்மையான வளர்ச்சி அங்கே நடந்தது. ராலிக்கும் அதுதான் தேவைப்பட்டது. ஏனென்றால் 1995-இலிருந்து டர்போவுக்குள் போகும் காற்று எல்லாம் 34 மில்லிமீட்டர் வளையம் ஒன்றின் வழியாகத்தான் போகவேண்டும் என்று விதி வந்திருந்தது. உச்சச் சக்தி ஏறக்குறைய 300-இல் நின்றுவிடும். வெல்ல வேண்டுமானால் கீழ்ச் சுற்றிலேயே, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, பலம் கிடைக்கவேண்டும்.

1997-இல் விதி தளர்ந்தது. ‘வேர்ல்ட் ராலி கார்’ என்ற புதிய பிரிவின்படி, சாதாரணக் காரை எடுத்து, அதில் இல்லாத நான்கு சக்கர இயக்கத்தையும் டர்போவையும் ராலிக்கென்று தனியாகப் பொருத்திக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் விற்கவேண்டிய கட்டாயம் இல்லை. சுபாருவும் ஃபோர்டும் உடனே அந்தப் பக்கம் போனார்கள், டொயோட்டாவும் போனது. மிட்சுபிஷி மட்டும் குரூப் ஏ-யிலேயே நின்றது. இந்த முடிவுதான் எவோவை எவோவாக வைத்திருந்தது என்பது என் உறுதியான எண்ணம். மற்றவர்கள் ராலிக் காரை மட்டும் மாற்றியபோது, மிட்சுபிஷி கடைக்கு வரும் காரையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

1998 ஜனவரியின் ஐந்தாவது எவோவைப் பாருங்கள். நான்காவதன் அகலம் 1690 மில்லிமீட்டர். ஐந்தாவதில் 1770. ஜப்பானில் 1700-ஐத் தாண்டினால் கார் பெரிய கார்களின் வரிசைக்குப் போய்விடும். தெரிந்தேதான் தாண்டினார்கள். சக்கர வளைவுகள் பருத்தன, பதினேழு அங்குலச் சக்கரங்கள் வந்தன, பிரெம்போ பிரேக் வந்தது. நிலைப்பும் நிறுத்தமும் வேண்டும் என்று ராலி கேட்டது, ஷோரூம் கொடுத்தது.

அந்த ஆண்டின் கடைசி ராலி பிரிட்டனில். முதல் நாளே, பாதையில் சிந்தியிருந்த எண்ணெயில் மாக்கினெனின் கார் வழுக்கி, கான்கிரீட் கட்டையில் இடித்துச் சக்கரம் போய்விட்டது. பட்டம் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். டொயோட்டாவின் கார்லோஸ் சைன்ஸுக்கு நான்காவது இடம் வந்தாலே போதும், நான்காவது இடத்தில்தான் வந்துகொண்டிருந்தார். ராலியின் கடைசி ஸ்டேஜில், அதாவது நேரம் கணக்கிடும் கடைசிப் பகுதியில், முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது அவர் கார் புகைந்து நின்றது. இணை ஓட்டுநர் லூயிஸ் மோயா ஆத்திரத்தில் ஹெல்மெட்டை வீசிக் காரின் பின்கண்ணாடியை உடைத்தார். மாக்கினென் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். அந்த ராலியை வென்றவர் மாக்கினெனின் அணித்தோழர் ரிச்சர்ட் பர்ன்ஸ். மிட்சுபிஷிக்குத் தயாரிப்பாளர் பட்டமும் கிடைத்தது, அதுவரையும் அதன் பிறகும் கிடைக்காத பட்டம்.

1999-இல் ஆறாவது எவோ. இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. முன்பம்பரின் நடுவில் இருந்த நம்பர் பிளேட்டை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நடுவில் இருந்தால், டர்போவில் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் காற்றைத் தடுக்கிறது. பனிவிளக்குகளையும் சிறிதாக்கி ஓரம் கட்டினார்கள். பார்ப்பதற்குக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, காற்றுக்கு வழி வேண்டும். அந்த ஆண்டும் மாக்கினெனுக்கே பட்டம், தொடர்ந்து நான்காவது முறை. இதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே 1996 முதல் 1999 வரை, ஏறக்குறைய கடையில் வாங்கிய நிலையிலேயே ஓட்டவேண்டிய ‘குரூப் என்’ பிரிவில் உருகுவேக்காரர் குஸ்தாவோ ட்ரெல்லெஸ் நான்கு முறை உலக சாம்பியன். அவர் ஓட்டியதும் மிட்சுபிஷி லான்சர்தான். கடைக்கார் எவ்வளவு தேறியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாக்கினென் பெயரிலேயே ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. பத்து மில்லிமீட்டர் தாழ்வான சஸ்பென்ஷன், சீக்கிரம் வேகம் பிடிக்கும் டைட்டானியக் கலவை டர்பைன், தார்ச்சாலைக்கு ஏற்ற குணம்.

2001 பிப்ரவரியில் ஏழாவது எவோ. உடம்பு புதிது, எடை கூடியது, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே உள்ள நடு டிஃபரென்ஷியலையும் கணினி கவனிக்க ஆரம்பித்தது. தார், ஜல்லி, பனி என்று மூன்று தேர்வுகள். கைப்பிரேக்கை இழுத்தால் நடு டிஃபரென்ஷியல் தானாக விடுபடும். கொண்டை ஊசி வளைவில் ராலி ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்துப் பின்பக்கத்தை வீசித் திருப்புவாரே, அதற்காக. வேறு எந்தத் தேவைக்கும் ஒரு வீட்டுக் காரில் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்யமாட்டார்கள்.

அதே ஆண்டு மிட்சுபிஷியும் கடைசியில் புதிய பிரிவுக்கு மாறியது. பழைய குரூப் ஏ கார் அந்த வருடமே மான்டி கார்லோ, போர்ச்சுகல், சஃபாரி மூன்றையும் வென்றிருந்தது. புதிய கார் ஒரு உலக ராலியைக்கூட வெல்லவில்லை. மாக்கினென் சுபாருவுக்குப் போய்விட்டார். 2005 முடிவில் அணியும் விலகியது.

எட்டாவது எவோவில் ஆறு கியர் பெட்டியும் சூப்பர் ஏஒய்சியும் வந்தன. அமெரிக்காவில் முதன்முதலாக விற்கப்பட்ட எவோவும் இதுதான். அடுத்து வந்த எம்ஆர் வகையில் கூரை அலுமினியத்தால் ஆனது. காரின் உச்சியில் எடையைக் குறைத்தால் வளைவில் சாய்வது குறையும். 2005-இன் ஒன்பதாவது எவோவில் அந்தப் பழைய 4ஜி63-க்கு, வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வசதி கிடைத்தது, கீழ்ச் சுற்றிலேயே இன்னும் விழிப்பாக இழுத்தது.

2007-இல் பத்தாவது. புதிய அலுமினிய இன்ஜின், இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், எல்லாக் கட்டுப்பாடுகளையும் ஒருங்கிணைக்கும் மின்னணு அமைப்பு. நல்ல கார்தான், வளைவுகளில் அசாத்தியமான கார். ஆனால் எடை 1500 கிலோவைத் தாண்டிவிட்டது. ‘இதைச் செய், இல்லாவிட்டால் அடுத்த மாதம் தோற்பாய்’ என்று பொறியாளரின் தோளில் தட்டிச் சொல்ல ராலி அணி இல்லை. முதல் ஒன்பதும் பதின்மூன்று ஆண்டுகளில் வந்தன. பத்தாவது எட்டு ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் விற்றது. 2015-இல் ஜப்பானில் ‘ஃபைனல் எடிஷன்’ என்று ஆயிரம் கார்கள், ஐந்து கியர், 313 குதிரைத்திறன். அதோடு சரி.

எந்த எவோ சிறந்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஓட்டுவதற்கு ஒன்பதாவது. பழைய இன்ஜினின் முதிர்ச்சியும் இலேசான கூரையும் அதில் ஒன்றாகக் கிடைக்கும். அருகே நின்று பார்த்துப் படிப்பதற்கு ஆறாவது. ஓரம் தள்ளிய அந்த நம்பர் பிளேட்டில் தொடங்கி ஒவ்வொரு துளையும் எதற்கு என்று கேட்டுக்கொண்டே போகலாம், ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கும்.

பேச வாய்ப்பளித்த வானொலிக்கு நன்றி. வணக்கம்.