சரக்கு இறங்கினால் சமையல் ஆகிவிடுமா?

நடுவர் அவர்களே, தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

இலங்கைத் தீவின் சமையலை ஆக்கியது கப்பலில் வந்த சரக்கா, கப்பலில் வந்த மக்களா? மக்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி ஐயா, மிளகாய் வந்தது, முந்திரி வந்தது, மரவள்ளி வந்தது, மாலத்தீவிலிருந்து மாசிக் கருவாடு வந்தது என்று அடுக்கினார். ஐயா, மாசியை உங்களுக்கே விட்டுத்தருகிறேன். இடித்த மாசி விழாமல் அந்த ஊர்ச் சீனிச் சம்பல் என்ற இனிப்பும் உறைப்புமான வெங்காயத் தொக்கு இல்லை. அது வியாபாரிகள் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான்.

ஆனால் மிளகாய்? 1505-இல் போர்த்துக்கீசியர் வந்தார்கள், அவர்கள் வழியாக மிளகாயும் வந்தது. வந்து என்ன செய்தது? மிளகு உறைத்த குழம்பில் மிளகாய் உறைத்தது. சட்டியும் பழையது, தேங்காய்ப்பாலும் பழையது, ஆக்கும் முறையும் பழையது. உறைப்பு மட்டும் மாறியது. சரக்கால் அவ்வளவுதான் முடியும்.

இப்போது வட்டிலப்பம் என்ற இனிப்பைப் பாருங்கள். டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் ஆட்சியில் ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் மலாய்க்காரர்கள் இலங்கைக்கு வந்தார்கள். சிலர் படைவீரர்கள், சிலர் நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தார். விற்க அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. கைப்பக்குவம் இருந்தது. தீவின் கித்துள் பனைக் கருப்பட்டியைக் கரைத்து, முட்டையை அடித்து ஊற்றி, கெட்டித் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தார்கள். கருப்பட்டி அந்த மண்ணில் இருந்தது, தேங்காய் இருந்தது, முட்டை இருந்தது. எந்தக் கப்பலும் கொண்டுவந்து இறக்க வேண்டிய பொருள் அதில் ஏதாவது உண்டா? இல்லாமல் இருந்தது அந்தப் பக்குவம் ஒன்றுதான். இன்று இலங்கை முஸ்லிம் வீடுகளில் வட்டிலப்பம் இல்லாத பெருநாள் இல்லை. சிங்களரும் தமிழரும் அதைத் தங்கள் பண்டம் என்றே சாப்பிடுகிறார்கள்.

ஒல்லாந்தக் கம்பெனி 1656-இல் கொழும்பைப் பிடித்தது கறுவாப்பட்டை எனும் இலவங்கப்பட்டைக்காக. பட்டையை உரித்து, கட்டிக் கப்பலேற்றி அனுப்பியது. வணிகம் அந்தத் தீவில் முதன்மையாகச் செய்தது இதைத்தான்: எடுத்துக்கொண்டு போனது. லம்ப்ரைஸ் என்ற பொதிச்சோற்றை ஆக்கியது அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை அல்ல. அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்ட ஒல்லாந்தரின் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண்கள். இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, ஒல்லாந்து முறை இறைச்சி உருண்டை, ஜாவா வழி வந்த இறால் விழுது, தீவின் கத்தரிக்காய்ப் பிரட்டல், எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து அடுப்பில் வாட்டி எடுத்தார்கள். ஒரே பொதிக்குள் மூன்று நாட்டு வீட்டு ருசி.

நடுவர் அவர்களே, நாம் நிற்கிற இந்த மும்பையும் ஒரு காலத்தில் ஏழு தீவுதான். அரிசியும் உளுந்தும் இந்தச் சந்தைக்குப் புதியவையா? மூட்டை மூட்டையாக இருந்தவை. ஆனாலும் தாராவிச் சந்துகளில் விடியற்காலையில் இட்லி அவிந்து, தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் ஊரெல்லாம் போகத் தொடங்கியது எப்போது? நம் சனம் இங்கே வந்து அடுப்பு மூட்டிய பிறகு!

இலங்கையின் தேயிலை மலைகளான மலையகத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. 1867-இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டார். 1869-இல் காப்பிச் செடியில் இலைநோய் விழ, மலை மலையாகத் தேயிலைக்கு மாறியது. காப்பிக்காலத்திலிருந்தே நம் ஊர்ப்பக்கத்து ஏழைகள் ராமேசுவரம் கடலைத் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து மாத்தளை மலையேறினார்கள். வழியில் விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் கொண்டுபோனதே வணிகம்தானே என்று எதிரணி கேட்கும். ஆம், வணிகம்தான் கொண்டுபோனது. கூலிக்கணக்கில் ஒரு பெயராகக் கொண்டுபோனது. நல்ல தேயிலையை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, பறித்தவர்களுக்குத் தூளைக் கொடுத்தது. இருட்டோடு எழுந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவதற்குள், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டு அடுப்பில் கோதுமை மா ரொட்டியைத் தட்டிப்போட்டு, அம்மியில் தேங்காயும் மிளகாயும் வைத்துச் சம்பல் அரைத்தாளே ஒருத்தி, அவளுக்கு அந்தப் பக்குவத்தை எந்தத் துரை கற்றுக்கொடுத்தான்? பசியும் நேரமில்லாமையும் அவளுடைய கையும் சேர்ந்து ஆக்கிய உணவு அது.

அந்த மக்களின் குடியுரிமை 1948-இல் பறிபோனது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. தலைமுறைகளாக வாழ்ந்த லயத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களில் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடை சுமந்தார்கள். கோத்தகிரிப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் அவர்கள் வீட்டு அடுப்பில் அந்த ரொட்டியும் சம்பலும் தொடர்ந்தன.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மா எனக்கு இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தச் சம்பலை எந்த வியாபாரி, எந்தச் சரக்குச் சீட்டில் எழுதிக் கப்பலேற்றினார்?

நன்றி, வணக்கம்.