தேயிலைச் சரிவுக்கு ஓர் அணு ஆய்வுகூடம்

அவையோருக்கு வணக்கம்.

அணு ஆய்வு என்றதும் உலைதான் பலருக்கு நினைவு வரும். மலையகத்துக்கு இப்போது தேவை உலையல்ல, மண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களைச் சக்திவாரியாகப் பிரித்து அளக்கும் ஒரு காமா நிறமாலைமானி.

1950, 60களில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு நம் மலைகளிலும் இறங்கியது. களிமண்ணில் ஒட்டினால் லேசில் விடாது. மண் போனால்தான் அதுவும் போகும். யாரும் கொத்தாத பழைய பதனாப் புல்வெளியில் உள்ள அளவோடு தேயிலைச் சரிவின் அளவை ஒப்பிட்டால், எவ்வளவு மண் கழுவுண்டது என்று கணக்கிடலாம். கொத்மலை நீர்த்தேக்கத்து வண்டலுக்கு யார் பொறுப்பு என்று பேசுமுன் இந்த எண்கள் வேண்டும்.

மண்ணைக் காயவைத்து 2 மில்லிமீற்றர் அரிப்பால் சலிப்பார்கள். சலித்த கல்லை நிறுக்காமல் வீசிவிடுவது வழக்கமான தவறு. நம் சரிவுகளில் கல் அதிகம். அதில் சீசியம் கிடையாது. கல்லின் நிறையைக் கழிக்காவிட்டால் சீசியக் கணக்குக் கூடிக் காட்டும். மீள்நடுகைக்காகக் கொத்திப் புரட்டிய மலையென்றால் சீசியம் மேல்கீழாகக் கலந்திருக்கும்; எப்போது கொத்தினார்கள் என்று முதலில் தோட்டத்துப் பதிவேட்டைப் பாருங்கள்.

சீசியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் காலம், 30 வருடம். 1963 உச்சத்தில் விழுந்ததில் இன்று கால்வாசிதான் மிச்சம். பூமத்திய ரேகைக்கு அருகே விழுந்ததே குறைவு. ஆகவே ஒரு மண் மாதிரியின் காமாக் கதிர்களை ஒரு நாள் முழுக்க எண்ண வேண்டும். காமாக் கதிரின் சக்தியில் 662 கிலோ இலத்திரன் வோல்ட்டில் சீசியம். பக்கத்திலேயே, 665இல், மண்ணில் இயற்கையாகவே உள்ள கதிரியக்கப் பிஸ்மத்து. மலிவான சோடியம் அயடைட்டு உணரிக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துக் காட்ட ஜேர்மானியம் என்ற மூலகத்தின் பளிங்கால் ஆன உணரி வேண்டும்.

செலவு அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பளிங்கை மைனஸ் 196 பாகையில் உள்ள திரவ நைதரசனால் குளிர்விக்க வேண்டும். 30 லீற்றர் குடுவையென்றால் வாராவாரம் நிரப்புங்கள். பாதை மண்சரிவில் மூடி நைதரசன் தாமதித்தால் பளிங்கு சூடேறும். அந்த நிலையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் உணரி பழுதாகலாம். பாதி சூட்டில் மறுபடி நைதரசன் ஊற்றுவதும் தப்பு: உள்ளே விடுபட்ட வாயு பளிங்கின்மேல் உறைந்து மின்கசிவை உண்டாக்கும். முழுதாக அறை வெப்பநிலைக்கு வரவிட்டே திரும்பக் குளிர்விக்க வேண்டும். மின்குளிரூட்டி வைத்தால் நைதரசன் தொல்லை இல்லை. மின்வெட்டுத் தொல்லை வரும்.

நிதி கேட்கும்போது நாம் உணரியின் விலையை மட்டும் எழுதுகிறோம். 10 சென்ரிமீற்றர் ஈயக் கவசம், நைதரசன் ஆவி சேர்ந்து ஒட்சிசன் குறையாதபடி காற்றோட்டமான அறை, கருவியைச் சரிபார்க்கும் அளவுத்திருத்தக் கதிர்மூலங்கள், மின்பிறப்பாக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக நிரந்தர நியமனம் பெற்ற ஒரு தொழில்நுட்பவியலாளர்: இவற்றுக்கு நிதிக் கோரிக்கையில் தனித்தனிச் செலவு வரி வேண்டும். நத்தார் விடுமுறையிலும் நைதரசன் ஊற்றுகிறவர் அவர்தான். ஆறு மாத ஒப்பந்தத்துக்கு அப்படியொருவர் கிடைக்கமாட்டார்.