சேர்விடாப்பைச் சுமந்த அதிபர்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

யாழ்ப்பாணத்து அதிபர்களைப் பற்றிப் பேசப் புகுந்தால், 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியை நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் அவர்களின் பெயர் பலருக்கும் நினைவுக்கு வரும். 1927 இல் காந்தியடிகளை இங்கே வரவழைத்த இளைஞர் இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் அவர். நான் இன்று பேசவிருப்பவர் வலிகாமத்தில் தோட்டக்காணிகளுக்கு நடுவே அமைந்த அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை ஒன்றின் அதிபர். தமது பெயர் மேடைகளில் சொல்லப்படுவதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆகையால் நானும் அவரை அதிபர் என்றே குறிப்பிடுகிறேன். அவரிடம் மாணவனாகப் படித்து, பின்னர் அவரின் கீழ் ஆசிரியனாகப் பணியாற்றியவன் நான்.

இலவசக் கல்வி 1945 இல் வந்துவிட்டது. ஆயினும் வெங்காயம் பிடுங்கும் காலம் வந்தால் எங்கள் வகுப்புகளில் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடக்கும். வரவிடாப்பில் மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைக் கண்டால், அன்று பின்னேரமே அதிபரின் சைக்கிள் அந்தத் தோட்ட வரம்பில் நிற்கும். "காலமை பிள்ளையை எனக்குத் தாருங்கோ, பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு உங்களுக்குத்தானே" என்று தகப்பனிடம் கேட்பார். கோபித்துப் பேசியதை நான் கண்டதில்லை.

இடாப்பு என்றேன். இன்றைய உரையே ஓர் இடாப்பைப் பற்றியதுதான்; பாடசாலையில் சேரும் பிள்ளைகளின் விபரங்களைப் பதியும் சேர்விடாப்பு அது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். போரினால் இடம்பெயர்ந்து, வலிகாமம் முழுவதும் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த அந்தச் சனத்திரளில், செம்மணி வெளிக்கு அண்மையில் அதிபரைக் கண்டேன். சைக்கிள் கரியரில் ஓர் உரப்பை கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வீட்டுச் சாமான் என்று எண்ணி, பாரத்தை நான் தள்ளிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, இது சேர்விடாப்பு, நானே கொண்டு வாறன்" என்றார். அவருடைய மனைவியார் கையில் ஒரு சிறிய துணிமூட்டையே இருந்தது. வீட்டிலிருந்து அவர்கள் எடுத்துவந்தது அவ்வளவுதான். உரப்பைக்குள் பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் சேர்விலக்கமும், பிறந்த திகதியும், பெற்றார் பெயரும் இருந்தன.

நாங்கள் இடம்பெயர்ந்து சென்ற தென்மராட்சியில், அவ்வூர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன பின்னர், பிற்பகலில் எங்கள் பாடசாலை நடந்தது. முதல்நாளே உரப்பையை அவிழ்த்தோம். ஓர் ஓரத்தால் மழைநீர் இறங்கிப் பதினொரு பக்கங்கள் நனைந்திருந்தன. பக்கத்துக்குப் பக்கம் பழைய பத்திரிகைத் தாளை இடையில் வைத்து, வெயில் நேரடியாகப் படாத விறாந்தையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஓட்டுத்துண்டுகளைப் பாரம் வைத்தார். மை கரைந்த பெயர்களின் மேல் பேனாவால் எழுத நான் முற்பட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "முந்தின அதிபர் எழுதினதுக்கு மேலை நாங்கள் எழுதக்கூடாது" என்றார். அதன்பின் மாலைகளில் முகாம் முகாமாகச் சென்று, பெற்றாரையும் பாட்டிமாரையும் விசாரித்து, உறுதியான விபரங்களை மட்டும் பக்கவோரத்தில் பென்சிலால் சிறிதாகக் குறித்தார். சந்தேகமானவற்றை வெறுமையாகவே விட்டார்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பிற்காலத்தில் அதன் பயனை நான் என் கண்ணால் கண்டேன். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களும், பிறப்பே பதியப்படாதவர்களும் அலுவலக வாசலுக்கு வந்தார்கள். அந்த இடாப்பைப் பார்த்து எழுதிய விடுகைப் பத்திரமே, அதாவது பாடசாலையை விட்டு விலகும்போது தரும் சான்றிதழே, பலருக்கு வயதைக் காட்டும் ஆதாரமாயிற்று. ஒரு தாயார் தன் சேர்விலக்கத்தைப் பார்த்துவிட்டு, கீழே இருந்த தன் தகப்பனாரின் கையொப்பத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். தகப்பனார் எழுதியவற்றில் அவரிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். பாடசாலைக் கிணற்றடியில் அவர் நட்டுவித்த மரங்களைப் பற்றியும், ஓய்வு பெற்ற அன்று கீறல் விழுந்த கைமணி வரை எண்ணிக் கொடுத்த பொறுப்புப் பட்டியலைப் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன். அவற்றுக்கு இன்று இடமில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நனைந்த அந்தப் பக்கங்களில் நான்கு பெயர்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பாடசாலை நாளொன்றில் வந்து இடாப்பைப் பாருங்கள். அலுவலக அலுமாரியின் மேற்தட்டில் இருக்கிறது. அதிபர் சீவிய பென்சிலும் அதனருகே இருக்கிறது. நன்றி, வணக்கம்.