அடுப்பும் அகப்பையுமே!

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், பொங்கல் விழாவுக்காகப் போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுன் நகரில் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும், நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும், போட்ஸ்வானாவிலும் ஜிம்பாப்வேயிலும் வாழும் கலாங்கா இனத்து நண்பர்களுக்கும் வணக்கம். மிச்ச வணக்கங்களை எனக்கு முன் பேசியவர்கள் தாராளமாகவே சொல்லிவிட்டார்கள். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

‘கலாங்கா மக்களின் வேரைக் காத்து நிற்பவை ஏடும் மேடையுமா, அடுப்பும் அகப்பையுமா?’ என்பது தலைப்பு. நான் அடுப்பின் கட்சி. குலுக்கிப் போட்ட சீட்டில் எனக்கு விழுந்த கட்சிதான் இது; ஆனால் எதிரணியின் ஆடிட்டர் ஐயா பேசி முடித்த பிறகு, சீட்டு மாறி விழுந்திருந்தாலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருப்பேன். அவர் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். “எங்கள் அணியிடம் ஏடு இருக்கிறது, வரலாறு இருக்கிறது, கற்கோட்டை இருக்கிறது. அடுப்பை நம்பி வந்த அணியிடம் என்ன இருக்கிறது? ஒரு சட்டி புழுக்குழம்பு இருக்கிறது” என்றார். அவையும் கைதட்டியது. தட்டியவர்கள் யார் யார் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்.

நடுவர் அவர்களே, இந்த அவையில் யாருடைய சட்டைப்பையிலாவது ஐந்து புலா நாணயம் இருந்தால் தயவுசெய்து எடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு புலா நாணயத்தில் வரிக்குதிரை இருக்கிறது. இரண்டு புலாவில் காண்டாமிருகம் இருக்கிறது. இரண்டையும்விட மதிப்பு மிகுந்த ஐந்து புலா நாணயத்தில் போட்ஸ்வானா அரசு யாரை உட்கார வைத்திருக்கிறது என்று பாருங்கள். மொபானே மரத்துப் புழுவை உட்கார வைத்திருக்கிறது! காண்டாமிருகத்தின் மதிப்பு இரண்டு, புழுவின் மதிப்பு ஐந்து. இது நான் போட்ட கணக்கு அன்று, ஒரு நாட்டின் கருவூலம் போட்ட கணக்கு. காலை முதல் மாலை வரை அந்தப் புழுவை எண்ணி எண்ணி அடுக்கி வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஆடிட்டர் ஐயா, மாலையில் மேடையேறி அதைப் பழிக்கிறார் என்றால், அது உண்ட வீட்டுக்கு மட்டுமல்லாமல் எண்ணிய நாணயத்துக்கும் செய்கிற இரண்டகம் என்றே நான் சொல்வேன்.

கலாங்கா மக்கள் அதை மஷோன்ஜா என்பார்கள். மழை தொடங்கி மொபானே மரங்கள் தழைத்த பிறகு, மார்கழி தை வாக்கில் ஒரு முறையும், சித்திரையை ஒட்டி மறுமுறையும் அது மரத்தில் நிறைகிறது. விடியற்காலையில் பெண்கள் வாளியோடு காட்டுக்குள் போகிறார்கள். உடலெல்லாம் சிறு முட்கள் உடைய புழு அது. பறித்துப் பறித்து விரல்கள் கீறிப்போகும். ஒவ்வொன்றாக நுனியைக் கிள்ளி, உள்ளே இருக்கும் பச்சை இலைச்சாற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டு, உப்பு நீரில் வேகவைத்து, வெயிலில் பரப்பி உலர்த்துகிறார்கள். நன்றாக உலர்ந்தால் மாதக்கணக்கில் கெடாது. உலர்ந்த எடையில் பாதிக்கும் மேல் புரதம். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், மழை பொய்த்தால் தானியமும் பொய்க்கிற நிலத்தில், பிள்ளைகளின் உடம்பில் வலு ஏற்ற ஒரு தாய் கண்டுபிடித்த வழி இது. இதை ‘ஒரு சட்டி புழு’ என்று ஒதுக்குவதற்கு நமக்குத் தகுதி உண்டா என்பதை, என் அம்மா கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் அம்மா கடலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். எங்களோடு தங்க வந்திருந்தபோது, என்னோடு அலுவலகத்தில் பணிபுரியும் கலாங்காப் பெண் ஒருவர், டுடுமே அருகிலுள்ள தம் கிராமத்துக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே அவருடைய தாயார், வயதான அம்மையார், “டுமிலானி” என்று சொல்லி இரு கைகளையும் குவித்து மெல்லத் தட்டி வரவேற்றார். என் அம்மாவும், இதுதான் இந்த ஊர் வழக்கம்போலும் என்று, பஜனை மடத்தில் தாளம் போடும் வேகத்தில் பதிலுக்குத் தட்டினார். இரு கிழவிகளுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. கை கழுவத் தண்ணீர் வந்தது. பின்னே தட்டு வந்தது. தட்டில் சோளமாவில் கெட்டியாகக் கிண்டிய ஷாட்ஸா, பக்கத்தில் டெலெலே என்னும் வழவழப்பான காட்டுக்கீரை, அதற்கும் பக்கத்தில் வெங்காயமும் தக்காளியும் சேர்த்து வதக்கிய, கறுத்துச் சுருண்ட ஒரு வறுவல்.

அம்மா எடுத்து வாயில் போட்டார். மென்றார். “நம் ஊர் சுண்டைக்காய் வற்றல் போலவே மொறுமொறுவென்று இருக்கிறதே” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, “இந்த வற்றல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேள், ஊருக்குப் போகும்போது ஒரு கிலோ எடுத்துப்போய் உன் பெரியம்மாவுக்குக் கொடுக்க வேண்டும்” என்றார். இதற்கு மேலும் மறைத்தால் பாவம் என்று, நடுவர் அவர்களே, நான் சொல்லிவிட்டேன்.

தட்டில் கை அப்படியே நின்றது. அந்த வீட்டம்மையார் என் அம்மாவைப் பார்க்கிறார், என் அம்மா தட்டைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன். சற்று நேரம் கழித்து அம்மா நிதானமாகச் சொன்னார்: “உன் தாத்தா, முதல் மழை பெய்த இரவில் புற்றுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்து ஈசல் பிடிப்பார். நான்தான் முறத்தில் புடைத்து இறகைப் போக்கி, அரிசியோடு சேர்த்து வறுத்துக் கொடுப்பேன். அதைத் தின்று வளர்ந்த பரம்பரைக்கு இப்போது என்ன புதிதாக அருவருப்பு?” சொல்லிவிட்டு, நின்ற கை மறுபடி நடந்தது.

கதை இதோடு முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய அம்மா, திண்ணைக்குத் திண்ணை இதைச் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் புழு ஒரு விரற்கடை நீண்டது. கடைசியில் பெரியம்மா தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, “ஏன்டா, பெற்ற தாய்க்கு அங்கே பாம்பையா சமைத்துப் போட்டாய்?” என்று கேட்டார். கல்கோட்டையைப் பற்றி எந்தத் திண்ணையிலாவது இவ்வளவு நாள் பேசுவார்களா, ஐயா?

எதிரணியின் சான்றுகளை நான் மறைக்கப் போவதில்லை. ஜிம்பாப்வேயிலுள்ள காமி இடிபாடுகள் 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அது கலாங்கா முன்னோரின் புட்வா அரசுக்குத் தலைநகராக விளங்கியது. இங்கே அருகிலேயே டொம்போஷாபாவின் கற்சுவர்கள் இருக்கின்றன. அந்தப் பெயரில் 2000-ஆம் ஆண்டு முதல் பண்பாட்டு விழாவும் நடக்கிறது. கலாங்கா மக்கள் பேசும் இகலாங்கா மொழியை வளர்ப்பதற்கென 1981-இல் இங்கே ஒரு சங்கம் அமைத்தார்கள். எல்லைக்கு அப்பால் ஜிம்பாப்வேயின் 2013-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அங்கீகரித்த 16 மொழிகளுள் ஒன்றாகக் கலாங்காவை எழுதி வைத்தது. எல்லாம் பெருமைதான். ஆனால் 1966-இல் விடுதலை பெற்ற இந்த நாட்டின் பள்ளிகளில் ஆங்கிலமும் செட்ஸ்வானாவும் மட்டுமே ஒலித்த பல பத்தாண்டுகளில், எல்லைக்கு அந்தப்பக்கத்துப் பள்ளிகளில் கலாங்காப் பிள்ளைகள் இண்டெபெலே படித்த காலத்தில், அந்த மொழி எங்கே குடியிருந்தது? ஏட்டில் இடமில்லை, மேடையும் கிடையாது. மாலையில் அடுப்பைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகளிடம் பாட்டி சொன்ன கதையில் குடியிருந்தது. எதிரணியினர் கையில் உயர்த்திக் காட்டுகிற ஏடு, எங்கள் அடுப்பின் சூட்டில் உயிர் பிழைத்த மொழியால் எழுதப்பட்ட ஏடு.

வழிபாட்டையும் அவர்கள் தங்கள் கணக்கில் வரவு வைக்கப் பார்த்தார்கள். ஜிம்பாப்வேயின் மடோபோ மலையில் இருக்கும் இஞ்ஜெலெலே என்னும் தலத்தில் மக்கள் முவாலி என்னும் தெய்வத்தை வணங்கி மழை கேட்கிறார்கள். வொசானா என்போர் மழைக்காக ஆடுகிறார்கள். அது மேடைக்கலையாம். எதற்காக மழை கேட்கிறார்கள், ஐயா? கல்வெட்டு நனைவதற்கா? கம்பும் சோளமும் விளைவதற்கு! அந்தக் கம்புக்கும் நமக்கும் உள்ள உறவை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: நம் பாட்டன் கூழாகக் குடித்த கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றும் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து கடல் கடந்து நம்மிடம் வந்த தானியங்கள். 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்க வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியா முன்மொழிந்தபோது, நாம் நம்முடையது என்று மார்தட்டியதில் பாதிப் பங்கு முன்வரிசையில் இருக்கும் இந்த நண்பர்களின் கண்டத்துக்கு உரியது. வறட்சி வந்தால் மக்காச்சோளம் முதலில் கருகும், கம்பு தாக்குப்பிடிக்கும். 2024-இல் மழை பொய்த்து ஜிம்பாப்வே பேரிடர் நிலையை அறிவித்ததே, அப்போது பாட்டிமார் சேமித்த விதையின் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

நடுவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். தர்க்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தலைவர் ஜான் நுஸ்வாஸ்வியைப் பற்றி எதிரணி அம்மையார் உருக்கமாகச் சொன்னார். 1947-இல் தம் மக்களோடு எல்லை தாண்டிப் போக நேர்ந்த அந்தக் கலாங்காத் தலைவர், 1960-இல் அயல் மண்ணிலேயே கண்மூடினார். 2002-இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, இங்கே அவருடைய சொந்த நிலத்தில் கொண்டுவந்து புதைத்தார்கள். “ஏடு காத்த வரலாறு” என்றார் அம்மையார். அம்மா, நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து ஓர் எலும்பை ஊருக்குத் தூக்கி வருவதற்குத் தோள் வேண்டும். அந்தத் தோள்களுக்குச் சோறிட்டவள் யார்? “உன் பாட்டன் மண் அங்கே இருக்கிறது” என்று சோற்றோடு சேர்த்துச் சொல்லி ஊட்டியவள் யார்?

இங்கே இருக்கும் நம்மில் யாருக்கு இது தெரியாது? ஒவ்வொருவர் பெட்டியிலும் அம்மா கட்டிக் கொடுத்த பொடி வந்திருக்கிறது. விமான நிலையத்தில் எடை கூடிவிட்டதென்று சொன்னபோது, சட்டையை எடுத்து வெளியே வைத்தோமே தவிர ஊறுகாயை எடுத்து வைத்தோமா? இங்கே டுடுமேயிலிருந்தும் மசுங்காவிலிருந்தும் நகரத்துக்கு வரும் பேருந்துகளில் இதே மூட்டைதான் வருகிறது. உள்ளே இருப்பது மட்டும் மஷோன்ஜா, உலர்ந்த கீரை, சோளமாவு.

என் அம்மா இப்போது இல்லை. செய்தி வந்தபோது நான் மட்டும் விமானம் ஏறினேன்; மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள். துக்க வீட்டில் மாலைதோறும் வந்து கூடி அமர்வது இந்த ஊர் வழக்கம் அல்லவா? மறுநாளே அந்த அம்மையார் கிராமத்திலிருந்து பேருந்து ஏறி வந்திருக்கிறார். முழங்காலில் வலியோடு, மடியில் ஒரு பானையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பானையில் கம்புக் கூழ். இரண்டு நாள் எதுவும் இறங்காமல் இருந்த என் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனுக்குப் புரியாத கலாங்காவில் ஏதோ சொல்லிச் சொல்லிக் குடிக்க வைத்திருக்கிறார். அவன் அழுதுகொண்டே குடித்தானாம். அவர் சொன்னது என்னவென்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. என் அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்த அம்மையார் இன்று இங்கே முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். என் பேச்சில் ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது. மகள் காதோடு சொல்லிக்கொண்டிருக்கிறார், அதையும் பார்க்கிறேன். நடுவர் அவர்களே, நீங்கள் படித்தவர், எதிரணியின் சான்றுகள் கனமானவை, நியாயத் தராசு உங்கள் கையில். ஆனாலும் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு உங்களால் முடிந்தால் ஏட்டின் பக்கம் தீர்ப்பு எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.