"என்ஜின் எங்கே சார்?": பழைய கார் கண்காட்சியில் காதில் விழுபவை

[திரையில்: புதுச்சேரி கடற்கரைச் சாலை, காலை நேரம். வரிசையாகப் பழைய கார்கள். ஒரு பச்சை நிற ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் முன்மூடி திறந்திருக்கிறது. எட்டிப் பார்க்கும் தலைகள்.]

குரல்:

"அண்ணே, என்ஜினைக் கழட்டிட்டாங்க போல. வெறும் கூட்டைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க."

பழைய கார்கள் எங்கே வரிசைகட்டி நின்றாலும், பீட்டில் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும், இந்த வசனம் வந்துவிடும். சொல்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. முன்மூடியைத் திறந்தால் ஒரு ஸ்டெப்னி டயர், ஒரு பெட்ரோல் டேங்க், மிச்ச இடத்தில் ஒரு பெட்டி வைக்கலாம். அவ்வளவுதான். என்ஜின் பின்னால் இருக்கிறது.

பின்மூடியைத் திறந்து காட்டினாலும் ஆள் நகரமாட்டார். "சரி, ரேடியேட்டர் எங்கே? தண்ணி எங்க ஊத்துவீங்க?" ஊற்ற வேண்டாம். நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். ஒரு பெரிய விசிறி அவற்றின் மேல் காற்றை அடித்தே சூட்டைத் தணிக்கும். தண்ணீரே இல்லாததால் வெயிலில் கொதிக்கவும் வழியில்லை, ஜெர்மனிக் குளிரில் உறையவும் வழியில்லை.

[திரையில்: ஸ்டெப்னி டயரின் வால்விலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய், மிக அருகில்.]

இந்தக் குழாயைப் பாருங்கள். யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு அந்தக் காரிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். 1960-களின் பீட்டிலில் முன்கண்ணாடியைக் கழுவும் தண்ணீரைப் பீய்ச்ச மோட்டார் கிடையாது. ஸ்டெப்னியில் அடைத்த காற்றுதான் தண்ணீரைத் தள்ளும். காற்று ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும், பஞ்சரான அன்றைக்கு ஸ்டெப்னி தட்டையாகக் கிடக்கும்!

பீட்டிலைப் பற்றி இன்னொரு வசனமும் உண்டு. "இது ஹிட்லர் ஓட்டின கார்." இதில் பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மக்களுக்கு மலிவாக ஒரு கார் வேண்டும் என்று ஃபெர்டினாண்ட் போர்ஷேவை வைத்து வரையச் சொன்னது ஹிட்லர் அரசு. விலை 990 மார்க். வாரம் 5 மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும், அட்டை நிறைந்தால் கார். நம்ம ஊர் சீட்டுக் கம்பெனி மாதிரியேதான், முடிவும் அதே மாதிரி. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள், போர் வந்தது, ஒருவருக்கும் கார் வரவில்லை. பொதுமக்களுக்கான பீட்டில் நிறைய வெளிவந்தது போர் முடிந்து, தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் கைக்கு வந்த பிறகு. ஹிட்லர் ஊர்வலம் போனது பெரும்பாலும் மெர்சிடிஸில்.

[திரையில்: ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் ஒன்றின் முன்னால் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாலு பேர் செல்ஃபி எடுக்கிறார்கள்.]

இனி புதுச்சேரிக்கே உரிய ஒரு வசனம். வேறு ஊரில் இதைக் கேட்க முடியாது.

"இதெல்லாம் பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது."

இங்கே பழசாக எது நின்றாலும் அது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனதுதான். மாரிஸ் மைனருக்கும் அதே பேச்சு, ஃபியட்டுக்கும் அதே பேச்சு. கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், "இல்லப்பா, ரிட்டையர்டு சொல்தா யாரோ கப்பல்ல கொண்டாந்தது" என்று திருத்துவார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரைத்தான் இங்கே சொல்தா என்பார்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பின்னணியில் இருந்தால் சந்தேகமே வராது.

ஆனால் திரையில் நிற்கும் இந்த ஹெரால்டு எங்கே தயாரானது தெரியுமா? பெருங்களத்தூரில். வண்டலூருக்குப் பக்கத்தில். திண்டிவனம் வழியாகப் போனால் இரண்டரை, மூன்று மணி நேரம். வடிவமைத்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர், கம்பெனி இங்கிலாந்தின் ட்ரையம்ப், 1961 முதல் இங்கே தயாரித்தது மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். மூன்று நாட்டுச் சம்பந்தம் இருந்தும் பிரான்சு மட்டும் எங்குமே இல்லை. நம்ம பக்கத்தில் தயாரான காரை நாமே வெளிநாட்டுக் கார் என்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வருத்தமும் வரும்.

அதே ஹெரால்டின் மூடியைத் திறந்துவிட்டால் கூட்டம் பதறும். "ஐயோ, முன்பக்கம் மோதி உடைஞ்சுபோச்சா?" மூடி மட்டும் தூக்கிக்கொள்ளாது. இரண்டு பக்க மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து காரின் முன்பாதியே முன்னோக்கிச் சாயும். மெக்கானிக்குக் குனிகிற வேலையே இல்லை. முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணலாம்.

அப்படியென்றால் பிரெஞ்சுக் காரை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரான்சிலேயே ஓடிய கார் என்றால் முன்விளக்கைப் பாருங்கள். 1930-களின் கடைசியிலிருந்து 1993 வரை அங்கே மஞ்சள் ஒளிதான் சட்டம். "மூடுபனிக்குப் போட்டது" என்று பக்கத்தில் ஒருவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்பார். எதிரில் வருபவர் கண் கூசாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அப்போது சொன்ன காரணம்.

[திரையில்: சித்ரோயன் சின்னம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தலைகீழ் 'வி'.]

சித்ரோயன் சின்னத்தைப் பார்த்ததும் "இது மிலிட்டரி வண்டி, ஏட்டய்யா சட்டையில இருக்கிற பட்டை மாதிரி இருக்கு பாரு" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அது பட்டை இல்லை, பல்சக்கரம். ஆந்த்ரே சித்ரோயன் கார் செய்யத் தொடங்கும் முன் 'வி' வடிவப் பல் வைத்த சக்கரங்களைச் செய்து விற்றவர். அந்தப் பல்லையே 1919-ல் காருக்கும் சின்னமாக வைத்துக்கொண்டார்.

அதே கம்பெனியின் 2சிவி வந்து நின்றால் கேலிக்குப் பஞ்சமே இல்லை. மடக்கு நாற்காலி மாதிரி சீட், சுருட்டி வைக்கிற துணிக் கூரை, தகரக் கொட்டகை மாதிரி வரிவரியான மூடி. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டியபோது பத்திரிகைக்காரர்களே சிரித்தார்கள், அதனால் நம்ம ஆட்கள் சிரிப்பதில் தப்பில்லை. தப்பு எங்கே வருகிறது என்றால் பெயர்ப்பலகையைப் படிக்கும்போது. "ரெண்டே ரெண்டு குதிரைசக்தியா? என் மொபெட்டே இதைவிடத் தேவலாம்!"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம். பெயரில் இருக்கும் 'சிவி' பிரெஞ்சில் குதிரைத்திறனின் சுருக்கம்தான், ஆனால் அந்த இரண்டு, வரி அதிகாரியின் இரண்டு. பிரெஞ்சு அரசு காருக்கு வரி போட ஒரு கணக்கு வைத்திருந்தது, அதன்படி அந்தக் கார் இரண்டு குதிரை. நிஜத்தில் முதல் 2சிவியின் 375 சிசி என்ஜின் 9 குதிரைத்திறன் கொடுத்தது. அதுவும் பெரிதில்லைதான், ஆனால் இரண்டு இல்லை.

இங்கிலாந்துக் காரனும் இதையே செய்தான். ஆஸ்டின் 7, மாரிஸ் 8, ஸ்டாண்டர்டு 10 என்று எண் போட்ட கார்களைப் பார்த்து "மொத்தமே எட்டுதானா" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். 1921 முதல் அங்கே ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வரி. அந்தக் குதிரையை எண்ணிய விதம் வேடிக்கையானது. சிலிண்டரின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கி, இரண்டரையால் வகுத்துவிட வேண்டும். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்பது கணக்கிலேயே இல்லை.

கணக்கில் ஓட்டை இருந்தால் புகுந்து போகாத கம்பெனி உண்டா? சிலிண்டரை ஒல்லியாக்கி, நீளத்தை இழுத்துவிட்டார்கள். மாரிஸ் 8-ன் சிலிண்டர் 57 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். வரிக் கணக்குப் போட்டால் எட்டுதான் வரும், வண்டி கொடுத்தது இருபதுக்கும் மேல். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்கள் மெதுவாக, ஆனால் மேட்டில் மூச்சுமுட்டாமல் இழுத்துக்கொண்டு போகும் குணத்துக்கு இந்த வரியும் ஒரு காரணம்.

[திரையில்: அம்பாசடரின் உள்ளே. ஒரு சிறுவன் ஸ்டீயரிங் அடியில் தலையை விட்டுப் பார்க்கிறான்.]

காருக்குள் எட்டிப்பார்க்கும் சின்னப் பையன்கள் பேசுவது தனி ரகம். தரையில் கியர் இல்லை என்றதும் "ஆட்டோமேட்டிக் போல" என்பார்கள். ஹேண்ட் கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதை வைப்பர் சுவிட்ச் என்று நினைத்துவிடுவார்கள். கிளட்சுக்கு இடதுபக்கம் தரையில் ஒரு குமிழ் இருக்கும். "நாலாவது பெடல் எதுக்கு அங்கிள்?" அது விளக்கை டிம் பண்ணும் சுவிட்ச், காலால் மிதிக்க வேண்டும். முன்பம்பரில் இருக்கும் ஓட்டையைச் சாவித் துவாரம் என்று ஒரு பையன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஹேண்டில் செருகிச் சுற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்றால், ஒரு விதத்தில் அதுவும் சாவிதானே!

பெரியவர்கள் வேறு மாதிரி தப்பு செய்வார்கள். அவர்களுடைய தப்பில் எப்போதும் ஒரு தாத்தா இருப்பார்.

"எங்க தாத்தா சுதந்திரத்துக்கு முன்னாடியே அம்பாசடர் வச்சிருந்தார்."

1947-க்கு முன்னால் அம்பாசடரே கிடையாது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் தொடங்கியது, முதலில் செய்தது மாரிஸ் 10-ஐ ஒட்டிய இந்துஸ்தான் 10. அம்பாசடர் வந்தது 1950-களின் கடைசியில், அதுவும் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு. தாத்தாவிடம் இருந்தது வேறு ஏதோ கார், நினைவில் அம்பாசடராக மாறிவிட்டது.

இதையே புதுச்சேரிக்காரர் சொன்னால் மட்டும் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். இங்கே ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-ல். தாத்தா 1960-ல் அம்பாசடர் வாங்கியிருந்தால், காகிதக் கணக்கில் அவர் சொன்னது சரிதான்.

ரோல்ஸ் ராய்ஸ் நின்றால் குப்பைக் கதை வராமல் போகாது. கடைக்காரன் அவமானப்படுத்தினான், கோபம் வந்த மகாராஜா கார்களை மொத்தமாக வாங்கிக் குப்பை அள்ள விட்டார் என்ற கதை. சொல்பவரைப் பொறுத்து ராஜாவும் மாறுவார், சமஸ்தானமும் மாறும், கார்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும். ஒரு கதைக்கு இத்தனை கதாநாயகர்கள் இருந்தாலே உஷாராகிவிட வேண்டும். 'எம்ஜி' என்று எழுதிய இரண்டு சீட் காரைப் பார்த்து "சைனா கார்தானே" என்பவர் இன்றைய நிலவரத்தை மட்டும் சரியாகச் சொல்கிறார். பெயர் இப்போது சீனக் கம்பெனியின் கையில் இருக்கிறது, அது பிறந்தது இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டின் மாரிஸ் கராஜில்.

[திரையில்: நம்பர் பிளேட். நடுவில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள்.]

இந்த எழுத்தைப் பார்த்து "வி.ஏ.ஓ. ஆபீஸ் வண்டியா இது? பட்டா மாத்த இதுலயா வர்றாங்க?" என்று கேட்டவருக்கு என் வணக்கம். கிராம நிர்வாக அலுவலருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி இது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம், தினமும் ஆபீசுக்கு ஓட்டக்கூடாது. "15 வருஷமானா பழைய இரும்புக்குத்தானே போகணும்" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்விக்கு நான் போகவே போவதில்லை. உரிமையாளர்கள் அதற்கு ஆளுக்கொரு பொய் வைத்திருக்கிறார்கள்.

[திரையில்: கறுப்பு அம்பாசடர். முன்னால் '1958' என்று எழுதிய பலகை.]

தப்பு எப்போதும் பார்வையாளர் பக்கம்தான் என்றும் இல்லை. இந்தக் கார் முன்னால் லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். கடலூர்ப் பக்கம் வாடகைக் கார் ஓட்டியவர். பலகையைப் படித்தார், காரின் முகத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"தம்பி, வண்டி 58-ன்னு போட்டிருக்கு. கிரில்லு கட்டம் போட்டதா இருக்கே? இது மார்க் டூ கிரில்லு."

அவர் சொன்னது சரி. நெருக்கமாகக் கட்டம் போட்ட கிரில் 1962-ல் அம்பாசடரின் இரண்டாவது வடிவமான மார்க் 2 வந்தபோதுதான் வந்தது. பழைய கிரில் கிடைக்காமல் பின்னால் வந்ததை மாட்டியிருக்கலாம், அல்லது பலகையில் போட்ட வருஷமே ஆசைக்குப் போட்டதாக இருக்கலாம். கார்க்காரர் முதலில் ஆர்.சி. புத்தகம், ரெஸ்டரேஷன் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பெரியவர் விடவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, என்ஜின் சைட் வால்வா ஓவர்ஹெட் வால்வா, அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றனவா மேலே இருக்கின்றனவா என்று கேட்டார். ஆரம்ப அம்பாசடரில் 1476 சிசி சைட் வால்வு என்ஜின் இருந்தது. கொஞ்ச நாளிலேயே அதை எடுத்துவிட்டு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு என்ஜினை வைத்தார்கள்.

மூடி திறந்தது. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். பக்கத்து அம்பாசடரின் சொந்தக்காரர் அவசர அவசரமாகத் தன் பலகையைக் கழற்றி டிக்கிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.