ஜூஹுவின் சிறிய அரங்கு: மூன்று பக்கமும் கண்கள்

நண்பர்களே, மும்பை ஜூஹுவில் உள்ள பிரித்வி அரங்கில் சுமார் இருநூறு பேர்தான் உட்காரலாம். அதன் வாசலில் இருக்கும் கஃபேயை மட்டுமே தெரிந்தவர்கள் பலர். நாம் உள்ளே போவோம்.

1944இல் இந்தி நடிகர் பிருத்விராஜ் கபூர் தொடங்கிய 'பிரித்வி தியேட்டர்ஸ்' கட்டடம் அல்ல, ஊர் ஊராகப் போன குழு. 150 பேர், 16 ஆண்டுகள், 2,662 காட்சிகள். நாடகம் முடிந்ததும் நன்கொடைக்காக அவரே வாசலில் துணியேந்தி நிற்பார். 1960இல் குழு கலைந்தது. நாடகத்துக்கு நிலையான ஓர் இடம் வேண்டும் என்று 1962இல் ஜூஹுவில் மனை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார், அரங்கு எழவில்லை. 1972இல் அவர் மறைந்தார், அதே ஆண்டு குத்தகையும் முடிந்தது. மனையைக் குடும்பத்துக்கே விலைக்குக் கொடுக்க உரிமையாளர் தரப்பு முன்வந்தது. 1975இல் அறக்கட்டளை அமைந்தது. 1978 நவம்பர் 5 அன்று அவருடைய மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிஃபரும் அரங்கைத் திறந்தார்கள்.

ஜெனிஃபரின் தந்தை ஜெஃப்ரி கெண்டலும் ஷேக்ஸ்பியர் நாடகங்களோடு இந்தியா முழுவதும் சுற்றியவர். ஆக, கணவன் மனைவி இருவருமே ஊர்சுற்றிக் குழுக்களின் பிள்ளைகள். கட்டடக் கலைஞர் வேத் சேகன் வரைந்த அரங்கில் ஆடம்பரம் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். முன்திரை கிடையாது. ஆடுமிடம் தரைமட்டத்தில் முன்னே நீண்டு வருகிறது. மூன்று பக்கமும் படிப்படியாக இருக்கைகள் ஏறுகின்றன. தெருக்கூத்து பார்த்த நமக்கு இது புதிதல்ல. படச்சட்டம் போன்ற சபா மேடையில் பழகிய குழுவுக்குத்தான் இங்கே தடுமாற்றம்.

எங்கே தடுமாறுகிறார்கள்? இரண்டு நடிகர்கள் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் நின்றால், நடுவில் உட்கார்ந்தவருக்குப் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். கோணலாக நிற்க வேண்டும். நீண்ட வசனத்துக்கு நடுவே ஒரு காரணம் கண்டுபிடித்து இடம் மாற வேண்டும். யாராவது ஒரு பகுதியினருக்கு எப்போதும் முதுகுதான். முகம் திரும்பும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படும். அந்தச் சொல்லைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். உயர்ந்த முதுகுள்ள நாற்காலி, அலமாரி எல்லாம் பின்சுவரோடு நிற்கட்டும். முன்னே வருவது இடுப்புயரத்தைத் தாண்டக் கூடாது.

விளக்கு இன்னும் பெரிய தலைவலி. ஒரு பக்கத்துக்கு முன்னொளியாக இருப்பது எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும். விளக்கைச் செங்குத்தாகத் திருப்பினால் கண்கூச்சம் குறையும், ஆனால் நடிகரின் கண்குழியில் நிழல் விழும். அதனால்தான் வழக்கமான மேடையில் ஓர் இடத்துக்கு இரண்டு விளக்கு போதும் என்றால், இங்கே மூன்று நான்கு திசைகளிலிருந்து வேண்டியிருக்கிறது. காட்சி மாற்றம் இருட்டில்தான்; பொருள் வைக்கும் இடங்களில் ஒளிரும் டேப் ஒட்டாவிட்டால் மேசை ஒரு முழம் தள்ளி நிற்கும், அடுத்த காட்சி முழுக்க விளக்குக்கு வெளியே நடக்கும்.

இப்படிப்பட்ட மேடை தனக்கேற்ற நாடகத்தைத் தானே பொறுக்கிக்கொள்கிறது. தொடக்க நாடகமே சான்று: ஜி. பி. தேஷ்பாண்டேயின் 'உத்வஸ்த தர்மசாலா'. இடதுசாரிப் பேராசிரியர் ஒருவர் விசாரணைக் குழுமுன் நிறுத்தப்படும் கதை. நசிருத்தீன் ஷா, ஓம் புரி, பெஞ்சமின் கிலானி நடித்தார்கள். மூன்று பக்கமும் சூழ்ந்த பார்வையாளரே விசாரணைக் குழுவாகிவிடும்போது தனியாக அரங்க அமைப்பு எதற்கு? 1979இல் ஷாவும் கிலானியும் தங்கள் 'மோட்லி' குழுவில் சாமுவேல் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ' நாடகத்தைப் போட்டார்கள். ஒரு மரம், இரண்டு நாடோடிகள். பெரிதாக வேறொன்றும் கேட்காத நாடகம்.

1984இல் ஜெனிஃபர் மறைந்த பிறகு மகன் குணாலும், பின்னர் மகள் சஞ்சனாவும் பொறுப்பேற்றார்கள். திங்கள் விடுமுறை, மற்ற நாளெல்லாம் நாடகம் என்ற ஒழுங்கு நின்றது. ஒரே நாடகம் அடுத்தடுத்த நாட்களில் நடப்பதால் முதல் காட்சியின் பிசகை மறுநாளே திருத்தலாம். வருடத்துக்கு ஒரு தேதி கிடைக்கும் குழுவுக்கு அந்த வாய்ப்பில்லை.

தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். பலர் கோபப்படுகிறார்கள். இவ்வளவு நெருக்கமான இடத்தில் இருட்டில் இருக்கை தேடுபவர் நடிகரின் பார்வைக்குள் நடக்கிறார். எதிர்வரிசைக்கு அவரும் ஒரு பாத்திரம்தான்.

அங்கே நாடகம் போட நினைக்கும் குழு முதல் ஒத்திகையிலேயே தரையில் டேப்பால் மேடையின் எல்லையை ஒட்டி, மூன்று பக்கமும் நாற்காலி போடட்டும். இயக்குநர் நடுவில் மட்டும் உட்காராமல் இடம் மாறி மாறிப் பார்க்கட்டும். அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடமாட்டம் முழுவதையும் புதிதாகப் போட வேண்டிவரும். அதற்கு அன்று நேரம் இருக்காது.