வீரனைக் கொழுந்துத் தராசில் நிறுத்தோம், கருத்தடை ஒபரேஷன் இப்போதைக்கு இல்லை

வணக்கம் மக்களே. மழை இப்போதுதான் விட்டது. வாசல் முழுக்கச் சேறு, அதனால் இன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன். பிளேன்டீ வழக்கம்போல் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் கதவைப் பிறாண்டுவது என் நாய் வீரன்தான். உள்ளே விட்டால் கெமராவை நக்கிவிடுவான், போன தடவை பார்த்தீர்களே.

முதலில் சந்தோஷமான செய்தி. 31 கிலோ 400 கிராம்! மூன்று மாதமாக அவனைச் சரியாக நிறுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கிற தராசில் முன்கால் இரண்டையும் வைப்பான், பின்கால் தரையில் இருக்கும். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு அப்பாவின் எடையைக் கழிக்கலாம் என்றால், அப்பாவுக்கு இடுப்பு வலி. டவுனில் ஒரு கிளினிக்கில் பெரிய தராசு இருக்கிறது, ஆனால் நிறுப்பதற்கு மட்டும் ஆட்டோவுக்கு 1,800 ரூபாய் கொடுத்துப் போக எனக்கு மனசு வரவில்லை.

அம்மாதான் சொன்னார், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுக்கலாமே என்று. அவ்வளவு பக்கத்தில் தராசு தொங்குகிறது, எனக்குத் தோன்றவே இல்லை! சாயங்காலம் கொழுந்து நிறுத்து லொறி போன பிறகு எடை எழுதுகிற கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேட்டேன். "நாய்க்கும் பேர் போடணுமா?" என்று சிரித்துக்கொண்டே சரி என்றார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அம்மாவின் பழைய படங்கை எடுத்து, நான்கு காலும் வெளியே வருகிற மாதிரி நான்கு ஓட்டை வெட்டினோம். இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் கொக்கியில் மாட்டினோம். முதல் தடவை பின்பக்கம் வழுகி இறங்கிவிட்டான். இரண்டாவது தடவை 26 என்று காட்டியது. எனக்குப் பகீர் என்றது, இவ்வளவு மெலிந்துவிட்டானா என்று. குனிந்து பார்த்தால் பின்கால் நகம் இரண்டும் சிமெந்துத் தரையில் ஊன்றியிருந்தது. கயிற்றை ஒரு முழம் குட்டையாக்கி மறுபடி தூக்கினோம். அப்போது பார்க்க வேண்டும் அவனை! நான்கு காலையும் தொங்கப்போட்டு, காதைப் பின்னால் மடித்து, ஒரு முனகல்கூட இல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு எழுத்து ஓடி ஓடி 31.4இல் நின்றது. கொழுந்துக் கூடையோடு நின்ற அக்காமார் எல்லோரும் கை தட்டினார்கள்.

ஐயோ, ஒன்றை மறந்துவிட்டேன். படங்கும் கயிறும் சேர்த்து 600 கிராம். அதைக் கழிக்க வேண்டும். அப்படியென்றால் 30 கிலோ 800. "எங்க கொழுந்து மூட்டைக்குக் கழிக்கத் தெரியுது, இதுக்குக் கழிக்கத் தெரியல" என்று அம்மா அப்போதே சொன்னது இதைத்தான்.

சரி, எதற்கு இந்த எடை என்று புது ஆட்கள் கேட்பீர்கள். வீரன் ஜெர்மன் ஷெப்பர்ட், நம் பக்கத்தில் அல்சேஷன் என்பார்கள். பத்தரை மாதம். அண்ணன் கொழும்பிலிருந்து மடியில் வைத்துக் கொண்டு வந்த அந்த வீடியோவிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். போன வாரம் எங்கள் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நாய்களுக்கு இலவசக் கருத்தடை முகாம் நடந்தது. லயத்து வீடுகளைச் சுற்றித் திரிகிற நாய் எல்லாம் வரிசையில் நின்றது. நான் தெருநாய் செவலையைக் கொண்டு போனேன், வீரனைக் கொண்டு போகவில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே எவ்வளவு ஏச்சு! தெருநாய்க்கு வெட்டச் சொல்லிவிட்டு, சொந்த நாயை மட்டும் பொத்தி வைத்திருக்கிறாளாம். எனக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இந்த வீடியோ.

செவலை பெட்டை. 14 கிலோதான் இருப்பாள். போன வருஷம் இரண்டு தடவை குட்டி போட்டாள், ஒரு குட்டிகூட மழைக்குத் தப்பவில்லை. அவளுக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஒபரேஷன் செய்யாத பெட்டைக்கு வயதாக ஆகக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்து வேறு இருக்கிறது, அது உயிரையே எடுத்துவிடும். முகாமில் விசர்நாய்த் தடுப்பூசியும் சேர்த்துப் போட்டு, காது நுனியில் அடையாளம் வெட்டி அனுப்பினார்கள். 2006இலிருந்து நம் நாட்டில் தெருநாயைப் பிடித்துக் கொல்வதில்லை என்று முடிவு. அதற்குப் பதில் இந்த ஒபரேஷனும் ஊசியும்தான் வழி. முகாம் வந்தால் தயவுசெய்து கொண்டு போங்கள், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

வீரன் கதை வேறு. அவன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான். நாயின் கால் எலும்பு நுனியில் மெத்தென்று ஒரு குருத்துப் பகுதி இருக்கும், எலும்பு நீள்வது அங்கேதான். வயது வரும்போது அந்தக் குருத்தை மூடி எலும்பாக்குகிற வேலையில் ஆண் நாயின் விதையிலிருந்து வருகிற ஹோர்மோனுக்குப் பங்கு இருக்கிறது. ஒபரேஷன் செய்து விதையைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் குருத்து மூடத் தாமதமாகும், கால் கொஞ்சம் கூடுதலாக நீளும், மூட்டு பொருந்துகிற கோணம் மாறும். சின்ன நாய்க்கு அது பெரிதாகத் தெரியாது. 30 கிலோவைத் தாங்குகிற இடுப்புக்கும் முழங்காலுக்கும் தெரியும்.

இது நானாகச் சொல்வதில்லை. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் தங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த 1,170 ஜெர்மன் ஷெப்பர்ட்களின் பதிவுகளைப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு முன்னால் ஒபரேஷன் செய்த ஆண் நாய்களில் 21 வீதத்துக்கு மூட்டுக் கோளாறு. செய்யாமல் விட்டதில் 7 வீதம். பெட்டையில் செய்ததில் 16 வீதம், செய்யாததில் 5 வீதம். இடுப்பு மூட்டு, முழங்கை, முழங்கால் ஜவ்வு கிழிவது, எல்லாம் அதில் அடக்கம். ஒரே ஆஸ்பத்திரியின் பதிவுதான், ஆனாலும் மூன்று மடங்கு என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியாது. 2020இல் அதே குழு 35 இனங்களைப் பார்த்தபோது, ஜெர்மன் ஷெப்பர்ட்டுக்கு ஆணோ பெட்டையோ இரண்டு வயது தாண்டட்டும் என்று சொன்னார்கள்.

எங்கள் மலையை யோசித்துப் பாருங்கள். வீட்டை விட்டு இறங்கினால் படி. படி முடிந்தால் தண்ணீர் ஓடுகிற கான். கானைத் தாண்டினால் தேயிலையைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலை. வீரன் ஒரு நாளைக்கு அந்தக் கானை எத்தனை தடவை தாவுகிறான்! முழங்கால் போனால் இங்கே அவனுக்கு நடக்கவே இடம் இல்லை.

டவுனில் ஒரு கிளினிக்கில் ஆறு மாதத்திலேயே முடிக்கச் சொன்னார்கள். என்ன இனம், எவ்வளவு எடை, அப்பா அம்மா நாய்க்கு இடுப்பு எப்படி, ஒரு கேள்வி இல்லை. "எல்லா நாய்க்கும் ஆறு மாதம்தான்" என்று நாள் குறிக்கப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அடுத்து ஒரு மிருக டொக்டரிடம் காட்டினேன். அவர் வீரனை நடக்கவிட்டு, திரும்பவிட்டு, பின்காலை நீட்டி மடக்கிப் பார்த்த பிறகுதான் வாயையே திறந்தார். அவசரம் இல்லை, இரண்டு வயதுக்குப் பக்கத்தில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கே சாப்பாடு, குண்டாக விடாதே என்றும் சொன்னார். ஒவ்வொரு மாதமும் எடை எழுதச் சொன்னதும் அவர்தான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, வீரனுக்கு இரண்டு விதையும் சரியாக இறங்கியிருக்கிறது, அதையும் அவர் தொட்டுப் பார்த்தார். ஒன்று வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டால் பின்னால் அதில் கட்டி வரலாம். அப்படி இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும், அந்த நாயை இனப்பெருக்கத்துக்கும் விடக் கூடாது.

அப்புத்தளையிலிருந்து ஒரு தங்கச்சி லாப்ரடோர் பெட்டைக்குக் கேட்டிருந்தாள். அதே 2020 ஆய்வில் லாப்ரடோர் ஆணுக்கு ஆறு மாதம் தாண்டினால் போதும், பெட்டைக்கு ஒரு வயது நெருங்கட்டும் என்று இருக்கிறது. பெரிய நாய் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு இல்லை. கலப்பு நாய் என்றால், வளர்ந்த பிறகு 20 கிலோவுக்கு மேல் வரும் போலிருந்தால் ஒரு வயது தாண்டிச் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் தங்கச்சி, அது வரை அவளை வெளியே விடாமல் பார்க்க முடியுமா என்று முதலில் யோசி. முடியாது என்றால் முன்னாலேயே செய்துவிடு.

ஏனென்றால் காத்திருப்பது சும்மா இருப்பதில்லை. இந்த ஏச்சு போட்டவர்கள் சொன்னதில் ஒன்று மட்டும் நியாயம்: ஆண் நாய் ஊர் சுற்றினால் குட்டி எங்கேயோ பிறக்கும். போன மாதம் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருந்தது. வீரன் சங்கிலியோடு முளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். இரவு ஒன்பது மணி, மூடுபனி, டோர்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. எனக்குச் சிறுத்தை பயம் ஒரு பக்கம், பன்றிக்கு வைக்கிற கம்பிக் கண்ணி பயம் அதைவிடப் பெரிது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தையே அந்த மாதிரிக் கண்ணியில் கழுத்து மாட்டி, மூன்று நாளில் செத்துப்போனதே. இவன் சங்கிலி வேறு இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். நானும் அப்பாவும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் கோயிலடிக் கானுக்குள் சங்கிலி சிக்கி நின்றான். உடம்பெல்லாம் அட்டை. எடுத்து முடிக்கப் பதினொரு மணி.

அதனால் இனி அவன் தனியாக வெளியே போக மாட்டான். காலையும் மாலையும் நானே பெல்ட் போட்டுக் கூட்டிப் போகிறேன். பின்பக்கம் ஆறடிக்கு வலை அடிக்கப் போகிறோம், ஆறு கம்பம் அப்பா நட்டுவிட்டார். இரண்டு வயதானதும் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்து, சரி என்றால் ஒபரேஷன். வேனுக்கு இப்போதிருந்தே மாதம் 1,000 ரூபாய் டப்பாவில் போடுகிறேன். ஒபரேஷன் முடிந்த பிறகு சாப்பாட்டில் கால் பங்கு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை ஏறிவிடும். அதோடு ஒரு மாதத்துக்கு அவனைப் பெட்டைப் பக்கம் விடக் கூடாது, விதை எடுத்தாலும் கொஞ்ச நாளைக்குக் குட்டி தரிக்க வைக்கிற சக்தி மிச்சம் இருக்கும்.

வலைதான் இப்போது பிரச்சினை. கடையில் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் யாரிடமாவது பழைய வலை ஒரு சுருள் இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். சரி, கதவு உடைவதற்குள் நான் போய்த் திறக்கிறேன்.